மாண்ட்வாவில் ஞாயிற்றுக்கிழமை நெரிசல்: நங்கூரக் கயிறு எவ்வளவு விட வேண்டும்?

செம்பூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இன்று எங்கள் படகு இன்னொரு படகின் மேல் போய் விழுந்தது. யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் இரு படகுகளுக்கும் நடுவே தண்ணீரில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை நீந்திக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கிய 22 அடி ஃபைபர் படகு. பின்னால் அவுட்போர்டு எஞ்சின். குளிர்காலத்தில் மாதம் இரண்டு தடவையாவது மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள மாண்ட்வா பக்கம் போவோம். இன்று காலை எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். ஜெட்டிக்குத் தள்ளி வழக்கமாக எல்லோரும் நிறுத்தும் இடத்தில் அப்போது ஐந்தாறு படகுகள்தான் இருந்தன. ஆழம் 3 மீட்டர். 15 மீட்டர் கயிறு விட்டோம். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு என்று யாரோ சொன்ன கணக்கு. நங்கூரமும் பிடித்தது.

பதினோரு மணிக்கெல்லாம் இருபது படகுக்கு மேல் வந்துவிட்டன. ஒரு மணிவாக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துப் படகுக்காரர் கத்தினார். திரும்பிப் பார்த்தால் எங்கள் பின்பக்கம் அவர் படகுக்கு இரண்டு மீட்டரில் இருக்கிறது. என் நண்பன் அவசரத்தில் காலை நீட்டித் தள்ளப் பார்த்தான். கணுக்கால் வீங்கியிருக்கிறது, எலும்பு முறியவில்லை. எங்கள் கயிறு அவருடைய எஞ்சினில் சுற்றிக்கொண்டு, அதைப் பிரிக்க ஒரு மணி நேரம். அவர் எங்களுக்குப் பிறகு வந்தவர். நெருக்கமாக வந்து நிறுத்தியவரும் அவர்தான். ஆனால் இழுபட்டது எங்கள் நங்கூரம்.

இரண்டு கேள்விகள். காலையில் பிடித்த நங்கூரம் மதியம் ஏன் விட்டது? அப்புறம், தப்பு யாருடையது?

ஐரோலி அலை | ஞாயிறு, இரவு 10.05

பிள்ளை நலம்தானே? அதுதான் முதலில். தப்பு அவர் மேல்தான் அண்ணே. முதலில் வந்தவனுக்குத்தான் இடம். இத்தனை பேர் வரும் இடத்தில் மூக்கோடு மூக்கு உரசி நிறுத்தினால் இப்படித்தான் ஆகும்.

பழைய போசன் | ஞாயிறு, இரவு 10.50

தம்பி, 31 வருஷம் சரக்குக் கப்பலில் ஓடிவிட்டு இப்போது நெருளில் இருக்கிறேன். மாண்ட்வாவுக்கு நண்பர் ஒருவரின் பாய்மரப் படகில் அடிக்கடி போகிறவன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வானத்தில் இருக்கிறது. நேற்று பௌர்ணமி. மும்பையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் பெரிசாக இருக்கும், 4 மீட்டரைத் தாண்டும். அந்த நாட்களில் நீர் உச்சத்துக்கு வருவது ஏறக்குறைய பகல் பன்னிரண்டு, ஒன்றை ஒட்டி. நீங்கள் எட்டு மணிக்குப் போட்டபோது வற்றம் முடிந்து நீர் ஏறத் தொடங்கிய நேரம். அப்போது 3 மீட்டர். ஒரு மணிக்கு அதே இடத்தில் 6 அல்லது 6.5 இருந்திருக்கும்.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். கயிறு தொடங்குவது தண்ணீர் மட்டத்தில் இல்லை, படகின் முன்பக்கக் கட்டையில். அது தண்ணீருக்கு மேல் 1 மீட்டர் என்று வைத்தால் காலையிலேயே உங்கள் கணக்கு 15-க்கு 4. நாலு மடங்குகூட இல்லை. மதியம் 15-க்கு 7.5. இரண்டு மடங்கு. இரண்டு மடங்கில் கயிறு நங்கூரத்தை மேல்நோக்கித் தூக்கும். நங்கூரம் கனத்தால் நிற்பதில்லை, தரையோடு படுத்து மண்ணைக் கவ்வுவதால் நிற்கிறது. மேலே இழுத்தால் கவ்வு விட்டுப்போகும்.

சரியான கணக்கு: உச்ச நீரில் இருக்கப்போகும் ஆழம், அதோடு முன்பக்க உயரம், அதன் ஐந்து மடங்கு. உங்களுக்கு 7.5 பெருக்கல் 5, கிட்டத்தட்ட 38. நாற்பது மீட்டர் விட்டிருக்க வேண்டும். ராத்தங்கல் என்றால் ஏழு மடங்கு.

குளிர்காலத்தில் பகல் ஏற ஏற வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும்பும். மாண்ட்வாவில் அது நம்மைக் கரைப்பக்கம்தான் தள்ளும். ஆக நீர் உச்சம், காற்று, சாப்பாடு மூன்றும் ஒரே நேரத்தில். எல்லோர் கண்ணும் தட்டில் இருக்கும் நேரம் அது. பெரும்பாலான உரசல்கள் ஒரு மணியிலிருந்து மூன்றுக்குள் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு நாளை எழுதுகிறேன். இப்போது எழுதினால் கோபமாக வரும்.

முத்துக்குளி | ஞாயிறு, இரவு 11.20

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் தூத்துக்குடிக்காரன், அப்பா வள்ளத்தில் போனவர். இங்கே வந்து பன்னிரண்டு வருஷமாகியும் இந்த ஏற்ற வற்றம் எனக்கு ஆச்சரியம்தான். எங்கள் ஊரில் ஒரு மீட்டர்கூட ஏறாது. அங்கே கற்ற கணக்கை இங்கே கொண்டுவந்தால் படகு காலி. ஊரிலிருந்து வந்து இங்கே படகு ஓட்டுகிற நம் ஆட்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். இங்குள்ள மீனவர்களான கோலிக்காரர்கள் பர்தி (ஏற்றம்), ஓஹோட்டி (வற்றம்) என்று நாள் பார்த்துத்தான் எல்லாம் செய்வார்கள். அவர்களிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள், என்றைக்கு எவ்வளவு என்று.

செம்பூர்க்காரரே, என்ன நங்கூரம்? என்ன கயிறு?

செம்பூர்க்காரன் | திங்கள், காலை 7.15

நாலு நகம் வைத்த மடக்கு நங்கூரம், 6 கிலோ. கயிறு பச்சை நிற பிபி (பாலிபுரோப்பிலீன்) கயிறு, கடையில் அதைத்தான் கொடுத்தார்கள். சங்கிலி இல்லை.

@ஐரோலி அலை: பிள்ளை நலம். அந்தக் குடும்பத்தோடு நேற்றிரவே பேசினேன்.

முத்துக்குளி | திங்கள், காலை 8.30

அப்படியென்றால் மூன்று இடத்தில் தவறியிருக்கிறது.

நாலு நக நங்கூரம் பாறைக்கு. பாரில் மாட்டிக்கொண்டு நிற்கும், அதனால்தான் எங்கள் பக்கம் வைத்திருப்பார்கள். இங்கே தரை சேறு. சேற்றில் அந்த மெல்லிய நகம் வெண்ணெயில் கரண்டி மாதிரி கோடு போட்டுக்கொண்டே வரும். சேற்றுக்கு அகலமான தட்டை இலை இரண்டு உள்ள நங்கூரம் வேண்டும், டான்ஃபோர்த் என்று கேளுங்கள்.

பிபி கயிறு மிதக்கும். நெரிசலில் அதுதான் பெரிய தொல்லை. காற்று கொஞ்சம் தணிந்தாலே கயிறு தளர்ந்து மேலே மிதந்து, பக்கத்துப் படகின் விசிறியில் போய்ச் சுற்றும். நேற்று அவர் எஞ்சினில் சுற்றியதற்கு இதுதான் காரணமாக இருக்கும். நைலான் கயிறு வாங்குங்கள், 12 மில்லிமீட்டர் போதும். தண்ணீரில் அமிழும், இழுத்தால் நீண்டு கொடுக்கும். அலை படகை வெடுக்கென்று இழுக்கும்போது அந்த அதிர்ச்சி நங்கூரம் வரை போகாது.

சங்கிலி இல்லாமல் போடவே கூடாது. நங்கூரத்துக்கும் கயிறுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் சங்கிலி, குறைந்தது படகின் நீளத்துக்கு. அந்தக் கனம்தான் நங்கூரத்தின் தண்டைத் தரையோடு படுக்க வைக்கும். மும்பை தாருகானாவில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடைகளில் தேடினால் நல்ல சங்கிலி கிடைக்கும். சங்கிலியை நங்கூரத்தோடு மாட்டும் ஷாக்கிள் ஆணியைத் துருப்பிடிக்காத கம்பியால் கட்டிவிட மறக்காதீர்கள். ஆணி தானாகக் கழன்று நங்கூரம் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

பழைய போசன் | திங்கள், காலை 10.10

இப்போது தப்பு யாருடையது என்பது.

பின்னால் வந்தவர், ஏற்கெனவே நிற்பவருக்கு எட்டாத தூரத்தில் நிறுத்த வேண்டும். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அந்த வகையில் பக்கத்துப் படகுக்காரர் தவறியவர். அதே சமயம், நங்கூரம் இழுபட்டு வந்து மோதினால் மோதியவர் பொறுப்பு. அந்த வகையில் நீங்கள். இரண்டும் சேர்ந்துதான் நேற்று நடந்தது.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. ஒரு படகு நங்கூரத்தைச் சுற்றி வட்டமடிக்கும். 40 மீட்டர் கயிறும் 7 மீட்டர் படகும் என்றால் ஏறக்குறைய 46 மீட்டர் ஆரம். எல்லோரும் முழு வட்டத்துக்கும் இடம் விட்டால் மாண்ட்வாவில் ஐந்து படகுதான் நிற்கும். ஆனால் எல்லோரும் ஒரே அளவு கயிறு விட்டால் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எல்லாப் படகும் சேர்ந்தே திரும்பும், வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் மோதாது. ஒருவர் 15 விட்டு, பக்கத்தவர் 40 விட்டால்தான் ஆபத்து.

ஆகவே போகும்போதே கேளுங்கள். மெதுவாக அருகில் போய், எஞ்சினைக் குறைத்து, "எவ்வளவு கயிறு விட்டிருக்கிறீர்கள், நங்கூரம் எந்தப் பக்கம் கிடக்கிறது?" என்று. இதைக் கேட்டதால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கேட்காமல் வந்து நிறுத்துபவர்களிடம்தான் சண்டை.

ஐரோலி அலை | திங்கள், மதியம் 1.30

ஐயா, ஒரு சந்தேகம். கூட்டத்தில் 40 மீட்டர் விடுவது நடைமுறையில் முடியுமா? எல்லோரும் குறைவாகத்தான் விடுகிறார்கள். இடமில்லாதபோது நாமும் குறைத்துக்கொண்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு நங்கூரம் போட்டால் படகு சுற்றாது, இடமும் மிச்சம். நான் அப்படித்தான் செய்கிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பழைய போசன் | திங்கள், மதியம் 2.45

இதுவரை ஆகவில்லை என்பது சரி. ஆனால் நீங்கள் மட்டும் சுற்றாமல் நிற்க, பக்கத்தில் உள்ள பதினைந்து படகும் நீர் திரும்பும்போது சுற்றும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை இங்கே நீரோட்டம் திரும்புகிறது. அவர்கள் எல்லோரும் உங்கள் மேல் வருவார்கள். கூட்டத்தில் எல்லோரும் எப்படி நிற்கிறார்களோ அப்படித்தான் நிற்க வேண்டும். எல்லோரும் இரண்டு போட்டிருந்தால் நீங்களும் இரண்டு. எல்லோரும் ஒன்று என்றால் ஒன்று.

பின்பக்கத்திலிருந்து மட்டும் போடவே போடாதீர்கள். எஞ்சினின் கனம் அங்கேதான் இருக்கிறது, பலகையும் அங்கேதான் தாழ்ந்திருக்கும். வேகமாகப் போகும் படகு ஒன்று எழுப்பும் இரண்டு அலை போதும், தண்ணீர் உள்ளே வர. உள்ளே வந்த தண்ணீரால் பின்பக்கம் இன்னும் தாழும், அடுத்த அலைக்கு இன்னும் சுலபம்.

இடமில்லாததால் கயிற்றைக் குறைக்கிறேன் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கயிற்றின் நீளத்தை ஆழம்தான் முடிவு செய்யும். கூட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 40 விட இடமில்லையென்றால் அது உங்களுக்கான இடமில்லை. 300 மீட்டர் தள்ளிப் போங்கள்.

மாட்டுங்கா மல்லி | திங்கள், மாலை 6.20

நீங்கள் எல்லோரும் கயிற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். தண்ணீரில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒருவராவது விரிவாக எழுதுங்கள். என் இரண்டு பெண்களும் நீந்துவார்கள். அதனால் எங்கள் படகில் மூன்று விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

யாராவது தண்ணீரில் இருந்தால் எஞ்சின் சாவி என் கழுத்தில். "கியர் நியூட்ரலில்தான் இருக்கிறது" என்று சொன்னால் கேட்க மாட்டேன். பக்கத்தில் இன்னொரு படகு நகரத் தொடங்கினால் பிள்ளைகள் உடனே ஏணிக்கு வர வேண்டும், எண்ணிப் பார்ப்பேன்.

இரண்டாவது, பின்பக்கம் நீந்தக் கூடாது. எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது கார்பன் மோனாக்சைடு அங்கேதான் தேங்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் வீட்டுப்படகின் பின்பக்கம் நீந்திக்கொண்டிருந்தவர்கள் ஜெனரேட்டர் புகையால் மயங்கி மூழ்கி இறந்திருக்கிறார்கள். படகுகள் ஒட்டி ஒட்டி நிற்கும்போது நம் எஞ்சின் அணைந்திருந்தாலும் பக்கத்துப் படகின் புகை நம் பிள்ளை மூச்சில் போகும்.

மூன்றாவது, லைஃப் ஜாக்கெட். 2024 டிசம்பர் 18-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போன நீல்கமல் படகில் கடற்படையின் வேகப்படகு மோதி 15 பேர் போனார்கள். அன்று மாலை என் தங்கை குடும்பமும் ஊரிலிருந்து வந்து எலிஃபண்டா போவதாக இருந்தது, குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் போகவில்லை. அதற்குப் பிறகு ஜாக்கெட் போடாத யாரும் எங்கள் படகில் ஏறுவதில்லை. நங்கூரம் போட்டு நிற்கும்போதும் சிறுவர்கள் கழற்றக் கூடாது.

ஆஸ்டின் போய் வந்தவன் | திங்கள், இரவு 9.00

நான் பொவாயில் இருக்கிறேன், நான்கு வருஷம் டெக்சாஸில் ஆஸ்டினில் வேலை பார்த்தேன். அங்கே லேக் டிராவிஸ் என்று ஓர் அணைநீர்த்தேக்கம். கோடை விடுமுறை நாட்களில் டெவில்ஸ் கோவ் என்ற வளைகுடாவில் நூற்றுக்கணக்கில் படகுகள் கூடும். பக்கத்தோடு பக்கம் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள்.

அதில் பார்த்தது: வரிசையின் நடுவில் இருக்கும் பெரிய படகு மட்டும் முதலில் நங்கூரம் போட்டு, அது நன்றாகப் பிடித்ததா என்று பார்க்கும். பிறகு ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் வந்து சேரும், சமமாக. வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் உரசலைத் தாங்கும் ஃபெண்டர் மெத்தைகளைத் தொங்கவிட்டு, கயிறு கையில் தயாராக இருக்க வேண்டும். நேர்க்கயிறு இரண்டு, குறுக்குக்கயிறு இரண்டு. குறுக்குக்கயிறு இல்லையென்றால் படகுகள் முன்னும் பின்னும் உரசும். கட்டிக்கொள்வதற்கு முன் "சேரலாமா?" என்று கேட்பார்கள். அடுத்தவர் படகு வழியாக நடந்து போக வேண்டியிருந்தால் நடுவே போகாமல் முன்பக்கமாகப் போவார்கள். இருட்டும் முன் பிரிந்துவிடுவார்கள்.

இன்னொன்று, அலை. 2020 செப்டம்பரில் அதே ஏரியில் படகு ஊர்வலம் ஒன்று நடந்தது. ஏராளமான படகுகள் நெருக்கமாக ஓடியதில் எழுந்த அலைகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சில படகுகள் மூழ்கியே போயின. அன்று புயல் ஒன்றும் இல்லை. கூட்டம் நிற்கும் இடத்துக்குள் நுழைந்தால் பின்னால் நுரைக்கோடு தெரியாத வேகம்தான். ஜெட்ஸ்கிக்காரர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

முத்துக்குளி | திங்கள், இரவு 9.45

ஏரியில் ஏற்ற வற்றம் இல்லை, ஆனால் அணைநீரில் அடியில் மரம், சுவர் எல்லாம் இருக்கும். பவனா அணையில் கோடையில் நீர் இறங்கினால் வாகேஷ்வர் கோயிலே வெளியே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் நங்கூரத்தின் தலைப்பக்கம் தனியாக ஒரு மெல்லிய கயிறு கட்டி மேலே மிதவை விடுங்கள். மாட்டிக்கொண்டால் அதைப் பிடித்துத் தலைகீழாக இழுத்து எடுக்கலாம். ஆனால் கூட்டத்தில் அந்த மிதவை வேண்டாம், யாராவது அதையே படகு கட்டும் மிதவை என்று நினைத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

ஐரோலி அலை | செவ்வாய், காலை 9.10

போசன் ஐயா, யோசித்துப் பார்த்தேன். நீர் திரும்பும்போது மற்றவர்கள் என் மேல் வருவார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. போன மாதம் ஒருவர் என்னை உரசியபோது அவரைத் திட்டினேன். அவர் சரியாகத்தான் நின்றிருக்கிறார்.

நங்கூரம் பிடித்ததா இல்லையா என்பதை எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

பழைய போசன் | செவ்வாய், காலை 11.30

நல்லது தம்பி. சொல்கிறேன்.

காற்றைப் பார்த்து நிற்கும்படி படகைத் திருப்பி, வேகமே இல்லாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். நங்கூரத்தை வீசாதீர்கள், கையால் இறக்குங்கள். தரை தட்டியதும் படகு தானாகப் பின்வாங்கும், வாங்க வாங்கக் கயிறு விடுங்கள். பாதி விட்டதும் ஒரு தடவை லேசாகப் பிடித்து நிறுத்தி, பிறகு மீதி. முழுவதும் விட்ட பிறகு கட்டி, பின் கியரில் மெதுவாக இழுங்கள்.

அப்போது உள்ளங்கையைக் கயிற்றின் மேல் வையுங்கள். பிடிக்கவில்லையென்றால் கயிறு நடுங்கும். மாட்டுவண்டி கல் ரோட்டில் போவது மாதிரி கடகடவென்று கையில் தெரியும். பிடித்திருந்தால் நடுக்கம் இருக்காது, கயிறு நீண்டு இறுகி, அப்படியே நிற்கும்.

பிறகு கரையில் இரண்டு அடையாளம், ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவதாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு தென்னை, பின்னால் ஒரு கூரை. பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. கால் மணிக்கு ஒரு தடவை பாருங்கள். இரண்டும் விலகினால் படகு நகர்கிறது. நீர் திரும்பிய பிறகு மறுபடி பாருங்கள், நங்கூரமும் அப்போது திரும்பிக் கவ்வ வேண்டும், அந்த நேரத்தில்தான் விட்டுப்போகும். எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டாம். ஒருவர் முறை வைத்துப் பார்க்கட்டும், அவர் குடிக்கவும் கூடாது.

செம்பூர்த் தம்பிக்கு இன்னொன்று. உங்கள் படகு 22 அடி, அதாவது 6.7 மீட்டர். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 7 மீட்டருக்குக் கீழான படகுக்கு நங்கூர விளக்கும் பகலில் நங்கூர அடையாளமான கறுப்பு உருண்டையும் வேண்டாம் என்று சலுகை உண்டு. ஆனால் மற்றப் படகுகள் வழக்கமாகப் போய்வரும் இடத்திலோ நங்கூரத் துறையிலோ அந்தச் சலுகை கிடையாது. மாண்ட்வா அப்படிப்பட்ட இடம். இருட்டினால் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு கட்டாயம். ஃபெர்ரி வரும் வழியில் நிற்கவே கூடாது. கோலிக்காரர்களின் டோல் என்ற பை வலைக் கம்புகள் இருக்கும் பக்கமும் வேண்டாம், அது அவர்களுடைய சோறு.

காலால் தள்ளிய நண்பருக்குச் சொல்லுங்கள்: மெத்தையைத்தான் நடுவில் வைக்க வேண்டும், கையையும் காலையும் அல்ல. ஒன்றரை டன் படகு அலையில் ஏறி இறங்கும்போது கணுக்கால் தாங்காது.

மாட்டுங்கா மல்லி | செவ்வாய், மதியம் 12.05

ஒன்று சேர்க்கிறேன். போட்டோவுக்காக எல்லோரும் ஒரே பக்கம் வந்து நிற்பதையும் தடுக்க வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகப் போனதும் படகு சாய்ந்தது. கட்டி நிற்கும் சின்னப் படகிலும் இதே கதைதான்.

செம்பூர்க்காரன் | ஞாயிறு, இரவு 8.30 (அடுத்த வாரம்)

இன்று மறுபடி போய் வந்தோம். புது நங்கூரம், 7 மீட்டர் சங்கிலி, 50 மீட்டர் நைலான். ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை கயிற்றில் வெள்ளைத் துணி கட்டி எண் எழுதியிருக்கிறோம். ஒன்பதரைக்குப் போனபோதே வழக்கமான இடத்தில் படகுகள் நெருங்கிவிட்டிருந்தன. நீர் இன்னும் எவ்வளவு ஏறும் என்று பார்த்தோம். போன வாரம் மாதிரி இல்லை, பௌர்ணமி கழிந்து ஏழெட்டு நாளாகிவிட்டது, வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனாலும் கணக்குக்கு அங்கே இடம் போதவில்லை. தெற்கே தள்ளிப் போய் 30 மீட்டர் விட்டோம். பிள்ளைகளுக்குக் கரை தூரமாகிவிட்டது என்று முகம் தொங்கியது.

கயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன் ஐயா. முதல் தடவை கடகடவென்று தெரிந்தது. எடுத்து மறுபடி போட்டோம். இரண்டாவது தடவை கயிறு இறுகி, படகு மெல்ல முன்னால் வந்து நின்றது. மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பியது. என் நண்பர்கள் மூவரையும் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். எடுக்கும்போது நங்கூரத்தின் இரண்டு இலையிலும் கறுப்புச் சேறு அப்பியிருந்தது, கழுவ இரண்டு வாளித் தண்ணீர் ஆனது.

பன்னிரண்டரைக்குப் பெரிய படகு ஒன்று எங்கள் பக்கம் வந்தது. முன்னால் நின்றவரிடம் கைகாட்டி நிறுத்தச் சொல்லி, "நாங்கள் முப்பது மீட்டர் விட்டிருக்கிறோம், நங்கூரம் அதோ அந்தப் பக்கம்" என்று இந்தியில் சொன்னேன். அவர் தன் ஆட்களோடு ஏதோ பேசினார். பிறகு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, இன்னும் இரண்டு படகு தூரம் தள்ளிப் போய் நங்கூரம் போட்டார்.

போன வாரப் படகுக்காரரின் எஞ்சின் சீல் மாற்ற ஆன செலவில் பாதியை நாங்கள் கொடுத்துவிட்டோம். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அடுத்த முறை இரண்டு குடும்பமும் சேர்ந்து போவதாக இருக்கிறோம்.

பழைய போசன் | ஞாயிறு, இரவு 9.15

சந்தோஷம் தம்பி. கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய தோட்டக்குழாயை அரை மீட்டர் வெட்டி மாட்டிவிடுங்கள். நைலான் அங்கேதான் முதலில் பிய்யும்.